மாலை போட்டா முடியுது... கழட்டினா ஏன் முடியல?

போன வாரம் எங்கள் கிளாஸ்மேட் ஒருத்தன் தம் அடிப்பதை விட்டான். பெயர் வேண்டாம், கிளாஸ் மக்களுக்குத் தெரியும். விட்ட மூணாவது நாள் சாயங்காலம், காலேஜுக்கு எதிர் டீக்கடையில் வழக்கமான கூட்டம். நானும் இருந்தேன். அவன் டீயை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றதைப் பார்த்ததும் கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

"எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்டா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கிட்டான்னா எல்லாருக்கும் என் செலவுல பிரியாணி."

"மனசுல உறுதி இருக்கறவன் பண்ற வேலைடா அது. உனக்கெல்லாம் எதுக்கு?"

ஒருத்தன் பற்றவைத்த சிகரெட்டை அவன் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் ஆட்டிக் காட்டினான். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் போய் ஒரு தம் போட்டுவிட்டான். மறுநாள் காலையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது: "நாங்கதான் சொன்னோமே, வில்பவர் இல்லாத பய."

அந்தத் தீர்ப்பு தப்பு. தப்பு மட்டும் இல்லை, ஆபத்தானது. புகையை விட முடியாமல் தவிக்கிற ஒருத்தனிடம் நாம் சொல்லக்கூடிய மிக மோசமான வார்த்தை "மன உறுதி"தான் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வரவும் :)

மாமாவும் மாலையும்

என் தாய்மாமாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட். காலையில் பல் விளக்குவதற்கு முன் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, யாராவது போன் பண்ணினால் ஒன்று, போனை வைத்ததும் இன்னொன்று. அத்தை அழுது பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. "முடியல மாப்ள, ரத்தத்துல கலந்துருச்சு" என்பார் என்னிடம்.

ஆனால் வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி குருசாமி கையால் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். அன்று காலையிலிருந்து சுத்தமாக சிகரெட் கிடையாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தொடமாட்டார், நைசாகப் போய் ஒன்று அடித்துவிட்டும் வரமாட்டார். கடையில் பக்கத்தில் நிற்கிறவன் புகை விட்டால்கூட முகம் மாறாது. மலைக்குப் போய் வந்து, பூஜை ரூமில் மாலையைக் கழட்டி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவார். கழட்டிய ஒரு மணி நேரத்துக்குள் பழைய மாமா திரும்பி வந்துவிடுவார்.

இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ உங்களுக்கும் இருப்பார். ரம்ஜான் மாதத்தில் விடியலிலிருந்து மக்ரிப் வரைக்கும் தொடாமல் இருக்கும் நண்பர்களையும் பார்த்திருப்பீர்கள். இப்போது சொல்லுங்கள், என் மாமாவுக்கு மன உறுதி இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் அந்த நாற்பத்தெட்டு நாள் எப்படி முடிந்தது? இருக்கிறது என்றால் நாற்பத்தொன்பதாவது நாள் அது எங்கே போனது?

இன்னொரு விஷயம். சிகரெட்டை நிறுத்தினால் வரும் உடல் உபாதைகள் (எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காதது, பசி) முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணிந்துவிடும். நிக்கோடினின் அளவு ரத்தத்தில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆக, மாலையைக் கழட்டுகிற அன்று மாமாவின் ரத்தத்தில் நிக்கோடின் என்று ஒன்று கிடையவே கிடையாது. "ரத்தத்துல கலந்துருச்சு" என்பது பொய். உடம்பு எப்போதோ விட்டுவிட்டது. அவர் மனசு விடவில்லை, தேதி குறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இது என் மாமா கதை மட்டும் இல்லை. இஸ்ரேலில் ரூவன் டார் என்ற உளவியலாளரின் குழு இதையே சோதித்துப் பார்த்திருக்கிறது. ஆசாரமான யூதர்கள் சப்பாத் நாளில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் வாரம் முழுக்க ஊதித் தள்ளுகிறவர்கள்கூட வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை சிகரெட்டைத் தொடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை சப்பாத் நாளிலும், வழக்கம்போல் புகைக்கிற வேலை நாளிலும், "இன்னைக்கு நீங்க புகைக்கக் கூடாது" என்று கேட்டுக்கொண்ட ஒரு வேலை நாளிலும் கவனித்தார்கள். 2005-ல் வெளியான முடிவு: சப்பாத்தில் தவிப்பு குறைவு. வேலை நாளில் நிறுத்தியபோது தவிப்பு அதிகம். அதே ஆள், அதே உடம்பு, இரண்டு நாளும் சிகரெட் இல்லை, ஆனால் தவிப்பு மட்டும் வேறு வேறு.

2010-ல் அதே ஆராய்ச்சியாளர் இன்னொன்று செய்தார். புகைக்கும் பழக்கமுள்ள விமானப் பணியாளர்களிடம், பறக்கும்போது எவ்வளவு ஆசை வருகிறது என்று அவ்வப்போது குறிக்கச் சொன்னார். நான்கைந்து மணி நேரப் பயணமும் உண்டு, பத்து மணி நேரத்துக்கு மேல் போகிற நீண்ட பயணமும் உண்டு. நிக்கோடின் குறையக் குறைய ஆசை கூடும் என்றால், நீண்ட பயணத்தில் நான்காவது மணி நேரத்திலும் குறுகிய பயணத்தில் நான்காவது மணி நேரத்திலும் ஒரே அளவு தவிப்பு இருக்க வேண்டும் இல்லையா? அப்படி இல்லை. எந்தப் பயணமாக இருந்தாலும் விமானம் தரையிறங்கப் போகிற நேரத்தில்தான் ஆசை ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் இருந்த தவிப்பு, நீண்ட பயணத்தின் முடிவில் இருந்த அளவுக்கே இருந்தது.

அதாவது, சிகரெட் கிடைக்காத நேரத்தை விட, "இதோ கிடைக்கப் போகிறது" என்கிற நேரத்தில்தான் மனசு பேயாட்டம் ஆடுகிறது. வாய்ப்பே இல்லை என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால் அது சும்மா கிடக்கிறது. மாலை போட்ட மாமா ஒவ்வொரு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையோடு மல்லுக்கட்டவில்லை. "அடிக்கலாமா வேண்டாமா" என்ற கேள்வியே அங்கே இல்லை. நம்ம கிளாஸ்மேட்டுக்கோ டீக்கடையில் நின்ற அரை மணி நேரமும் அந்தக் கேள்வியை நாம்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இடத்தின் சக்தி தெரிய வேண்டுமா? வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க சிப்பாய்களில் ஏராளமானவர்கள் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று 1971-ல் அமெரிக்காவே அலறியது. லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஊர் திரும்பியவர்களைத் தேடிப்போய் விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் திரும்பி வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஹெராயினும் சிகரெட்டும் ஒன்றல்ல, சிகரெட் ஊர் முழுக்க கிடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த சிப்பாய்களுக்கு விமானத்தில் வரும்போது திடீரென்று மன உறுதி முளைத்துவிட்டதா என்ன? மாறியது இடம், கூட இருந்த ஆட்கள், அன்றாட வேலை.

நம்ம கணக்கைப் பாருங்கள். ஒரு இழுப்பு இழுத்தால் நிக்கோடின் மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 வினாடி. நாளைக்குப் பத்து சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால் நாளைக்கு 100, வருஷத்துக்கு 36,500. டீ கிளாஸ், சாப்பிட்ட பிறகு கை கழுவுவது, பஸ்ஸுக்கு நிற்பது, பரீட்சைக்கு முன் பதட்டம், பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர்... இவை ஒவ்வொன்றோடும் சேர்த்து 36,500 தடவை மூளை பாடம் படித்திருக்கிறது. நாம் செமஸ்டருக்குக்கூட அவ்வளவு தடவை படித்ததில்லை. அதை "மனசு வை மச்சி" என்ற ஒரு வரியில் அழித்துவிடலாம் என்று நினைப்பது வில்பவர் இல்லை, விவரம் இல்லாமை.

இந்த "மன உறுதி" பேச்சு செய்யும் கெடுதல்

ஒன்று. அது தோற்றவனை ஊமையாக்குகிறது. எந்த உதவியும் இல்லாமல் விட முயற்சி செய்கிறவர்களில் ஒரு முயற்சியில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வந்த ஆய்வு, ஒருவர் வெற்றிகரமாக விடுவதற்கு முன் 30 தடவையோ அதற்கு மேலோகூட முயற்சி செய்திருக்கலாம் என்று கணக்கிட்டது. உதவி இல்லாமல் விட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், உண்மை. அவர்களும் பெரும்பாலும் பல தடவை விழுந்து எழுந்தவர்கள்தான். இங்கே தோற்பதுதான் சகஜம். சகஜமான ஒன்றை "உன் குணமே சரியில்லை" என்று சொன்னால், அவன் அடுத்த தடவை முயற்சியே செய்யமாட்டான். செய்தாலும் யாரிடமும் சொல்லமாட்டான். சொல்லாமல் விட்டால் யார் உதவுவது?

இரண்டு. ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக மாற்றுவதே இந்தப் பேச்சுதான். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதை விளக்கினார். விரதம் இருக்கிறவன் ஒரு தடவை தவறிவிட்டால், "ஒரு தம் போட்டேன்" என்று நினைப்பதில்லை. "நான் இவ்வளவுதான்" என்று நினைக்கிறான். அந்த நினைப்புதான் இரண்டாவதைப் பற்றவைக்கிறது. நம்ம நண்பன் மொட்டை மாடியில் அடித்தது ஒன்று. மறுநாள் நம்ம தீர்ப்பைக் கேட்ட பிறகு அடித்தது ஏழு. அந்த ஏழு யார் கணக்கு?

மூன்று. "டென்ஷன் தாங்கறதுக்கு தெம்பு இல்லாதவன்தான் தம்மைத் தேடுவான், தம் டென்ஷனைக் குறைக்கும்" என்ற பொய்க்கு அது துணை போகிறது. சிகரெட் குறைப்பது எந்த டென்ஷனை? முந்தின சிகரெட் தீர்ந்ததால் வந்த டென்ஷனை. இறுக்கமான ஷூவைப் போட்டு நடந்து, ராத்திரி கழட்டும்போது "ஆஹா" என்பது மாதிரி. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையின்படி, புகையை விட்டவர்களுக்குப் பதட்டம், மனச்சோர்வு, மன அழுத்தம் எல்லாமே குறைந்திருந்தன, தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடும்போது.

"அப்போ பயமுறுத்தினா?" என்று கேட்பீர்கள். 2016 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. அது வீண் என்று சொல்லமாட்டேன், விட வேண்டும் என்ற எண்ணத்தைப் படங்கள் தூண்டுகின்றன. ஆனால் எண்ணத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டிருக்கிறோம், அல்லது விடுவதைப் பற்றி யோசிக்கிறோம் என்றார்கள். பாதிக்கு மேல்! விடணும் என்று தெரியும், எப்படி என்றுதான் தெரியாது. அவனிடம் போய் "கேன்சர் வரும் தெரியுமா" என்றால், அந்தப் பயத்தைத் தணிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி... பற்றவைப்பதுதான்.

சரி, எதுதான் வேலை செய்யும்?

நானும் இந்தக் கடையில் கணக்கு வைத்திருந்தவன்தான். ஐந்தாவது முயற்சியில் விட்டேன், இப்போது பதினாலு மாதம் ஆகிறது. முதல் நான்கு தடவையும் "சபதம்" போட்டேன். ஐந்தாவது தடவை சபதம் போடவில்லை, மாமாவின் மாலையைக் காப்பி அடித்தேன்.

மாலை என்னவெல்லாம் செய்கிறது? ஊருக்கே தெரிகிற மாதிரி அடையாளம் கொடுக்கிறது (கறுப்பு வேட்டி, எல்லாரும் "சாமி" என்பார்கள்). அன்றாட ஒழுங்கை மாற்றுகிறது (விடியற்காலை பச்சைத்தண்ணீர் குளியல், சாயங்காலம் பஜனை). கூட்டத்தை மாற்றுகிறது. "ஒன்றே ஒன்று" என்ற பேரத்துக்கு இடமே கொடுப்பதில்லை. மாலையில் இருக்கும் ஒரே ஓட்டை, அதற்கு முடிவுத் தேதி இருப்பது.

அதனால் நான் செய்தவை:

1. படிப்படியாகக் குறைக்கிற வேலையை விட்டேன். தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்தினேன். சுமார் 700 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேரும், குறைத்துக் குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம் பேரும் நான்காவது வாரத்தில் புகையில்லாமல் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முன்னவர்களே முன்னால். தினமும் "இன்னைக்கு எத்தனை" என்று பேரம் பேசும் வேலை மிச்சம்.

2. மூன்று வாரம் எதிர்க்கடைப் பக்கமே போகவில்லை. கேன்டீன் டீ கேவலமாகத்தான் இருக்கும், குடித்தேன்.

3. "விடப் பார்க்கறேன்" என்று சொல்வதை நிறுத்தி "நான் அடிக்கறதில்லை" என்று சொல்லப் பழகினேன். முதலாவதில் எதிராளிக்குப் பேரம் பேச இடம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை.

4. ஆசை வரும்போது என்ன செய்வேன் என்பதை முன்னாடியே எழுதி வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் கடலைமிட்டாய், போன் வந்தால் நடந்துகொண்டே பேசுவது. ஆசை என்பது சில நிமிஷம் உயர்ந்து தானே இறங்குகிற அலை. அதுவரை கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

5. மருந்துக்கடையில் நிக்கோடின் சூயிங்கம் வாங்கினேன். "அது ஏமாத்து வேலை" என்று ஒருத்தன் சொன்னான். கால் உடைந்தவன் கட்டையை ஊன்றி நடந்தால் ஏமாற்றா? கம், ஒட்டுப்பட்டை போன்றவை விடும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆக்குகின்றன என்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் உறுதியான விஷயம். சூயிங்கம் வேண்டாதவர்கள் டாக்டரிடம் கேளுங்கள், அல்லது பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். அத்தனை நாள் கையில் வைத்திருந்தும் நான் அந்த எண்ணைப் படித்ததே இல்லை.

"அப்போ மன உறுதியே வேண்டாமா?" வேண்டும். ஆனால் அது செல்போன் சார்ஜ் மாதிரி, கொஞ்சம்தான் இருக்கும். நாள் முழுக்க டீக்கடையில் நின்று "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லித் தீர்ப்பதற்குப் பதில், ஒரே தடவை டீக்கடையை மாற்றுவதற்குச் செலவு பண்ணுங்கள் என்கிறேன்.

கடைசியாக, பிரியாணி பார்ட்டிகளுக்கு

பந்தயம் கட்டுவது தப்பில்லை. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கியோடு சேர்ந்து பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினார்கள். புகைப்பவர் ஆறு மாதம் தன் சொந்தப் பணத்தைப் போட வேண்டும், கடைசியில் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் பணம் திரும்பக் கிடைக்கும், தேறாவிட்டால் தர்மத்துக்குப் போய்விடும். 2010-ல் வெளியான முடிவின்படி, இந்த வாய்ப்பு கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களை விட 3 சதவீதப் புள்ளி அதிகம் தேறினார்கள். சின்ன அளவுதான், ஆனால் ஒரு வருஷம் கழித்துத் திடீரென்று செய்த பரிசோதனையிலும் அது நின்றது. அவன் ஜெயிப்பான் என்று அவனே கட்டும் பந்தயம் அது. நீங்கள் கட்டியது அவன் தோற்பான் என்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஊரில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரின் உறவு, நட்பு வலையை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வந்தது. மக்கள் தனித்தனியாக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டார்கள். ஒரு நண்பர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்தது. ஆக, டீக்கடையில் ஓரமாக நின்ற அந்தப் பையன் விட்டது அவனுக்காக மட்டும் இல்லை. அவன் ஜெயித்திருந்தால் நம்மில் இன்னும் இரண்டு பேர் ஜெயித்திருக்கலாம்.

மாமாவுக்கு 2019-ல் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு சிகரெட் இல்லை. "பயந்துட்டார்" என்று ஊரே சொன்னது. நான் அவரிடமே கேட்டேன். "பயம் ஒரு மாசத்துல போயிருச்சு மாப்ள" என்றார். காலைக் குளியலை விடவில்லை. தெருமுனைக் கடை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறார். கடைக்காரரிடமே போய் "நான் கேட்டாலும் தராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "இந்தத் தடவை மாலையக் கழட்டல, அவ்ளோதான்" என்றார். அதே மனசு, அதே உறுதிதான். இதை பதினைந்து வருஷம் முன்னாடியே யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த ஸ்டென்ட் தேவைப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றும். நாங்கள் எல்லாரும் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மனசு வைங்க."

நம்ம நண்பன் வர்ற திங்கள்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறான். சாயங்காலம் நான் அவனோடு கேன்டீனில் இருப்பேன். மூணு வாரம்தான். டீ கேவலமாகத்தான் இருக்கும். வந்து சேருங்கள்.

டிஸ்கி: அந்த சிகரெட்டை ஆட்டிக் காட்டியபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். இந்தக் கட்டுரையில் திட்டு வாங்குகிறவர்கள் லிஸ்டில் முதல் பெயர் என்னுடையது.